சொல் குறைதலும் நினைவு குறைதலும்: எழுத்தாளர் நடையிலிருந்து மறதிநோயைக் கணிக்கும் ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தாளர் ஒருவரின் படைப்புகளில் சொல்வளம் குறைதல், தொடர்கள் மீண்டும் மீண்டும் வருதல், பொருள் வரையறையற்ற சொற்கள் பெருகுதல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவருடைய நினைவாற்றல் தளர்ச்சியை அறிய முயலும் ஆய்வுகள் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து வளர்ந்துவருகின்றன. டேவிட் ஸ்னோடனின் கன்னியர் ஆய்வு, ஐரிஸ் மர்டோக், அகதா கிறிஸ்டி ஆகியோரின் புதினங்கள் பற்றிய ஆய்வுகள் ஆகியவற்றின் வலிமையையும் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சொற்கணக்கு ஒரு மாற்றத்தைக் காட்டலாம். அம்மாற்றத்தின் காரணத்தைத் தானே சொல்லாது என்பது இக்கட்டுரையின் கருத்து. இவ்வகை அளவீடுகளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது எழும் சிக்கல்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறதிநோய், நடையியல் அளவீடு, சொல்வளம், கருத்துச் செறிவு, பனுவல் வரலாறு, கூறியது கூறல்

1. முன்னுரை

மறதிநோய் மொழியைத் தாக்கும் என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்னும் பெண்ணை ஆராய்ந்த அலோய்ஸ் அல்சைமர், அவரிடம் பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்டதையும், எழுதச் சொன்னதையும் குறிப்புகளாகப் பதிந்துவைத்தார். 1906-இல் டூபிங்கன் நகரில் இந்நோயாளியைப் பற்றி அவர் ஆற்றிய உரையே, பின்னர் அவர் பெயரால் வழங்கலான நோயின் முதல் விளக்கமாகக் கொள்ளப்படுகிறது. பெயர்ச்சொல் நினைவுக்கு வராமை, சொன்னதையே திரும்பச் சொல்லுதல், குறிப்பிட்ட சொல்லுக்குப் பதிலாகப் பொதுச்சொல்லைக் கையாளுதல் ஆகியன இந்நோயின் தொடக்க அடையாளங்களுள் அடங்கும்.

இவ்வடையாளங்கள் பேச்சில் தோன்றுமாயின் எழுத்திலும் தோன்றவேண்டும் என்பது ஆய்வாளர்கள் அடுத்து வைத்த கருதுகோள். எழுத்துக்கு ஒரு வசதியும் உண்டு. நோயாளியின் பழைய பேச்சு பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. எழுத்தாளரின் பழைய நூல்கள் ஆண்டுக் குறிப்புடன் நிலைத்து நிற்கின்றன. ஆகவே, நோய் அறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிய மாற்றத்தை அந்நூல்களில் தேடலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

இங்கே மருத்துவம் இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் வருகிறது. நடை, கதைக்கூற்று, பதிப்பு, வரைவு ஆகியன இலக்கிய ஆய்வாளர்க்கு உரிய பொருள்கள். எனவே இவ்வாய்வுகளை மருத்துவர்களின் கருத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், இலக்கிய ஆய்வு நெறியில் நின்று மதிப்பிடுவது தேவையாகிறது.

2. மூன்று ஆய்வுகள்

முதலாவது, கன்னியர் ஆய்வு. நோத்ருதாம் பள்ளிச் சகோதரியர் சபையைச் சேர்ந்த 678 அமெரிக்கக் கன்னியரைக் கொண்டு, 1986-இல் தொடங்கி டேவிட் ஸ்னோடன் நடத்தியது இது. கன்னியர் ஒரே வகையான வாழ்க்கை, உணவு, வருவாய் நிலை உடையவர்களாதலால் புறக் காரணிகளின் வேறுபாடு பெரிதும் குறைந்தது. அவர்களுள் 93 பேர் சராசரியாக 22 வயதில் கையால் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள் மடத்து ஆவணங்களில் கிடைத்தன. மொழியியலாளர் சூசன் கெம்பரின் துணையுடன் அவற்றின் கருத்துச் செறிவும் இலக்கண அமைப்பின் சிக்கலும் அளக்கப்பட்டன. கருத்துச் செறிவு என்பது பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துக்கூறுகள் அமைகின்றன என்னும் கணக்கு. இளமையில் கருத்துச் செறிவு குறைந்திருந்தோர், ஏறத்தாழ 58 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த சோதனைகளில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். இறந்தபின் மூளை ஆராயப்பட்ட 14 பேருள், குறைந்த செறிவுடன் எழுதியிருந்த அனைவரிடமும் அல்சைமர் நோய் காணப்பட்டது. மிகுந்த செறிவுடன் எழுதியிருந்த எவரிடமும் காணப்படவில்லை. இம்முடிவுகள் 1996-இல் வெளியாயின.

இரண்டாவது, ஐரிஸ் மர்டோக் பற்றியது. 1919-இல் பிறந்து 1999-இல் மறைந்த இவருக்கு அல்சைமர் நோய் இருந்தமை, இறந்தபின் நடந்த ஆய்வில் உறுதியாயிற்று. பீட்டர் கரார்டும் பிறரும் 2005-இல் வெளியிட்ட கட்டுரை, மர்டோக்கின் முதற் புதினமாகிய ‘அண்டர் த நெட்’ (1954), புக்கர் பரிசு பெற்ற ‘த சீ, த சீ’ (1978), இறுதிப் புதினமாகிய ‘ஜாக்சன்ஸ் டிலெம்மா’ (1995) ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. தொடரமைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சொல்வளமோ இறுதி நூலில் தெளிவாகக் குறைந்திருந்தது.

மூன்றாவது, அகதா கிறிஸ்டி பற்றியது. இவருக்கு மறதிநோய் என வாழ்நாளில் எந்த மருத்துவரும் அறிவித்ததில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இயன் லங்காஷயர், கிரேம் ஹர்ஸ்ட் ஆகியோர் 2009-இல் இவருடைய புதினங்களின் முதல் 50,000 சொற்களை ஒப்பிட்டனர். நூலின் நீளம் கூடக்கூடப் புதுச்சொல் தோன்றும் வேகம் குறையும் ஆதலால், சம அளவுப் பகுதிகளை எடுத்தது முறையானதே. இறுதிக்காலப் புதினங்களில் சொல்வளம் சரிந்ததையும், தொடர்களின் மீள்வரவும் ‘ஏதோ ஒன்று’ என்னும் பொருள்தரும் பொதுச்சொற்களும் பெருகியதையும் அவர்கள் கண்டனர். இக்குழுவினர் 2011-இல் மர்டோக், கிறிஸ்டி ஆகியோருடன், முதுமையிலும் நலமுடன் எழுதிய பி. டி. ஜேம்ஸின் புதினங்களையும் சேர்த்து விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். கிறிஸ்டி தம் இறுதிப் புதினங்களை எழுதியபோது அல்சைமர் நோயின் தொடக்கநிலையில் இருந்திருக்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு.

3. கதைப்பொருளும் கதைக்கூற்றும்

இவ்வாய்வுகளில் சொற்கள் எண்ணப்பட்ட அளவுக்கு அவை வரும் இடம் நோக்கப்படவில்லை. கரார்டின் மூன்று நூல்களில் முதலிரண்டும் தன்மைக்கூற்றில் அமைந்தவை. ஒன்றில் ஜேக் டோனகூ, மற்றொன்றில் சார்லஸ் அரோபி என இரு ஆண் கதைமாந்தர் தம் கதையைத் தாமே சொல்கின்றனர். ‘ஜாக்சன்ஸ் டிலெம்மா’வோ படர்க்கைக்கூற்றில் அமைந்தது. தம்மைத் தாமே வியந்தும் நொந்தும் பேசும் கதைசொல்லியின் சொற்களஞ்சியமும், பலர் உரையாடலால் நகரும் படர்க்கைக் கதையின் சொற்களஞ்சியமும் ஒரே அளவில் இருக்குமென எதிர்பார்க்க இயலாது. நோயினால் விளைந்த வேறுபாடு எவ்வளவு, கூற்றுமுறையால் விளைந்தது எவ்வளவு என்பதை மூன்று நூல்களைக் கொண்டு பிரித்தறிய முடியாது. மர்டோக்கின் பல நூல்களை வரிசையாக எடுத்த 2011 ஆய்வு இக்குறையைப் பெருமளவு களைந்தது.

கிறிஸ்டியின் நூல்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘எலிபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ (1972) என்னும் புதினத்தின் கதையே நினைவைப் பற்றியது. பல ஆண்டுகளுக்குமுன் நிகழ்ந்த ஓர் இணையரின் சாவை, அவர்களை அறிந்த முதியோரின் அரைகுறை நினைவுகளைக் கேட்டுத் துப்பறிகின்றனர் பொய்ரோவும் அரியாட்னி ஆலிவர் என்னும் எழுத்தாளரும். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’ புதினத்திலும் முதிய இணையர் ஒருவர், ஊராரின் மங்கிய நினைவுகளினூடே பழைய குற்றம் ஒன்றைத் தேடுகின்றனர். மறந்துபோனவர்கள் பேசும் கதையில் ‘ஏதோ’, ‘யாரோ’, ‘என்னவோ’ எனும் பொருளுடைய சொற்கள் மிகுவது கதையின் தேவை. அச்சொற்கள் கதைமாந்தரின் பேச்சில் வருகின்றனவா, ஆசிரியர் கூற்றில் வருகின்றனவா எனப் பிரித்து எண்ணினாலன்றி, அவற்றின் பெருக்கத்தைக் கிறிஸ்டியின் மூளையோடு தொடர்புபடுத்துவது அவசர முடிவாகும்.

இம்மறுப்பினால் அவ்வாய்வு முழுதும் வீழ்ந்துவிடாது. கதைப்பொருள் பொதுச்சொற்களின் பெருக்கத்தை விளக்கலாம். சொல்வளம் குறைதலையும் தொடர்கள் மீள்வதையும் அது முழுமையாக விளக்காது. பல அளவீடுகள் ஒரே திசையைக் காட்டுவது அவ்வாய்வின் வலிமை. எனினும், மறதியைப் பற்றி எழுதிய முதிய எழுத்தாளர் தம் தளர்ச்சியை உணர்ந்தே அப்பொருளைத் தேர்ந்தாரா என்னும் வினா, சொற்களை எண்ணுவதால் எழுவதில்லை. நூலை வாசிப்பதால் எழுகிறது.

4. பனுவல் வரலாறு

வெளியீட்டு ஆண்டு எழுதிய ஆண்டு ஆகாது என்பது பதிப்பாய்வின் முதற்பாடம். கிறிஸ்டியின் ‘கர்ட்டன்’ 1975-இலும் ‘ஸ்லீப்பிங் மர்டர்’ 1976-இலும் வெளிவந்தன. இரண்டும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதிப் பாதுகாத்து வைக்கப்பட்டவை. வெளியீட்டு ஆண்டை மட்டும் நம்பி வரிசைப்படுத்தினால், 1973-இல் சரிந்த சொல்வளம் 1975-இல் மீண்டுவிட்டதாகத் தோன்றும். டொராண்டோ ஆய்வாளர்கள் கிறிஸ்டியின் எழுத்து வரலாற்றை அறிந்திருந்தனர். இம்முறையைப் பின்பற்றுவோர் அனைவர்க்கும் அவ்வறிவு வாய்க்கும் எனக் கூற இயலாது.

எழுதும் முறையும் நடையை மாற்றும். கிறிஸ்டி பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லித் தட்டச்சு செய்வித்தார். 2007-இல் மூளைநோய் கண்டறியப்பட்ட டெரி பிராட்செட் தம் இறுதிக்கால நூல்களை உதவியாளரிடமும் கணினியிடமும் வாய்மொழியாகச் சொல்லி முடித்தார். வாய்மொழியில் சொல் மீள்வதும் தொடர் தளர்வதும் இயல்பு. கையெழுத்துக் காலத்து நூலையும் வாய்மொழிக் காலத்து நூலையும் ஒப்பிடுவோர், நோயை அளக்கிறோம் என எண்ணி ஊடகத்தை அளந்துவிடக்கூடும்.

மூன்றாவது, பிறர் கை. அமெரிக்க எழுத்தாளர் எமர்சனின் நினைவு தளர்ந்த நிலையில், 1875-இல் அவர் பெயரில் வெளிவந்த ‘லெட்டர்ஸ் அண்ட் சோஷியல் எய்ம்ஸ்’ என்னும் நூலை, அவருடைய பழைய கையெழுத்துப் படிகளிலிருந்து தொகுத்து ஒழுங்குபடுத்தியவர்கள் அவர் மகள் எலனும் நண்பர் ஜேம்ஸ் எலியட் கேபட்டும் ஆவர். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 2014-இல் மறைந்தார். நினைவிழப்புக் காலத்தில் அவர் திருத்திவந்து, வெளியிட வேண்டாமென ஒதுக்கிய புதினம், 2024-இல் அவர் மக்களின் இசைவுடன் பதிப்பாசிரியர் ஒருவரால் ஒழுங்கு செய்யப்பட்டு வெளியாயிற்று. இத்தகைய நூல்களில் எண்ணப்படும் சொல் யாருடையது என்னும் வினாவுக்கு விடை காணாமல் எண்ணத் தொடங்குவது பயனற்றது.

இந்நோக்கில், ரொனால்டு ரேகன் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு ஒரு படி முன்னேற்றம். எழுதித் தரப்பட்ட உரைகளை விடுத்து, செய்தியாளர் கூட்டங்களில் அவர் முன்னேற்பாடின்றிக் கூறிய விடைகளை ஆய்வாளர்கள் எடுத்தனர். அவருக்குப்பின் பதவியேற்ற மூத்த புஷ்ஷின் விடைகளோடு ஒப்பிட்டனர். பிறர் கையின் தலையீடும் ஊடக வேறுபாடும் இங்குக் குறைவு.

5. முடிவு அறிந்தபின் தொடக்கத்தை வாசித்தல்

இவ்வாய்வுகள் அனைத்திலும் இழையோடும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுண்டு. ஆய்வாளர் எழுத்தாளரின் முடிவை முன்னரே அறிந்துள்ளார். அவ்வறிவைக் கொண்டு தொடக்கத்தை வாசிக்கிறார்.

2011 ஆய்வு, மர்டோக் நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளிலும் எழுதிய நூல்களில் சொல்லும் தொடரும் வளம் குன்றிய ஒரு பள்ளத்தைக் கண்டது. அதனைப் பின்வரவிருந்த நோயின் முன்னறிகுறி என விளக்கியது. ஆனால், மர்டோக் 59-ஆம் வயதில் வெளியிட்ட நூலே புக்கர் பரிசு பெற்றது. கரார்டு அதனை எழுத்தாளரின் உச்சநிலைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். அதே வகைப் பள்ளம் பி. டி. ஜேம்ஸின் நூல்களில் தோன்றியிருந்தால், அதனை நடைச் சோதனை என்றோ கதைப்பொருளின் விளைவு என்றோ கூறி ஆய்வாளர்கள் கடந்திருப்பர். நோய் வந்தமை தெரிந்ததனால்தான் பள்ளம் குறியாயிற்று.

கன்னியர் ஆய்விலும் இதுவே வினா. 22 வயதில் கருத்துச் செறிவு குறைந்திருந்தமைக்கு இருவகை விளக்கம் தரலாம். நோய் மிக இளமையிலேயே மூளையில் வேர்கொண்டதன் அடையாளம் அது என்பது ஒன்று. செறிவான மொழித்திறனுக்குக் காரணமான மூளையாற்றலே முதுமையில் காப்பாக அமைகிறது, அது குறைந்தோர் எளிதில் தளர்கின்றனர் என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தில் எழுத்து நோயின் விளைவு. இரண்டாவதில் எழுத்துக்குப் பின்னுள்ள ஆற்றல் நோயைத் தடுக்கும் காரணி. இவ்விரண்டும் ஒரே புள்ளிவிவரத்துக்குப் பொருந்துவன. மேலும், மூளை ஆராயப்பட்டோர் 14 பேரே. அத்தகைய சிறு தொகுதியிலிருந்து, ஒருவரின் இளமை எழுத்தைக் கண்டு முதுமையைச் சொல்லிவிடலாம் எனப் பொதுமக்களிடையே பரவிய கருத்து ஆய்வின் எல்லையைக் கடந்தது.

6. தமிழுக்குப் பொருத்தும்போது

மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கிய காலந்தொட்டுத் தமிழ் நூல்களின் மின்படிகள் பெருகிவருகின்றன. கணினி கொண்டு சொற்களை எண்ணுவது இன்று எவர்க்கும் எளிது. தமிழ் எழுத்தாளர்களின் இறுதிக்கால நூல்களுக்கும் இம்முறை பொருத்தப்படும் நாள் தொலைவில் இல்லை. அதற்குமுன் தமிழின் இயல்பு கருதப்படவேண்டும்.

முதலாவது, சொல் எது என்னும் சிக்கல். தமிழில் ஒரு வினையடி காலம், இடம், எண், பால் ஏற்று எண்ணற்ற வடிவங்களைப் பெறுகிறது. ‘வந்தேன்’, ‘வந்தாள்’, ‘வந்தவர்களோடு’ என்பவற்றை மூன்று சொல்லாக எண்ணுவதா, ஒன்றாக எண்ணுவதா? வடிவங்களை எண்ணினால், தன்மைக்கூற்றுப் புதினத்தைவிடப் பல மாந்தர் உலவும் படர்க்கைப் புதினம் சொல்வளம் மிக்கதாகத் தோன்றும். ‘செய்யவேண்டியிருந்தது’ என்பதை ஒரு பதிப்பு சேர்த்தும் மற்றொரு பதிப்பு பிரித்தும் அச்சிடும். சந்தி பிரித்த மலிவுப் பதிப்பும் பிரிக்காத முதற்பதிப்பும் வெவ்வேறு எண்ணிக்கை தரும். அந்நிலையில் நாம் அளப்பது அச்சகத்தின் வழக்கத்தையே.

இரண்டாவது, கருத்துச் செறிவு. பத்துச் சொற்களுக்கு இத்தனை கருத்து என்னும் கணக்கு, சொல்லின் எல்லை தெளிவாக உள்ள ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்டது. எழுவாயை வினைமுற்றின் விகுதியே உணர்த்துவதும், தொகைநிலைத் தொடர்கள் உருபையும் காலத்தையும் உள்ளடக்கி நிற்பதும் தமிழின் இயல்பு. ஆங்கில எண்களோடு தமிழ் எண்களை நேரே ஒப்பிட அடிப்படை இல்லை.

மூன்றாவது, தொடரமைப்பு. முதன்மைத் தொடருக்கு முன்னே துணைத்தொடர் வருவது நினைவுக்கு மிகுந்த சுமை தரும். முதியோர் அவ்வமைப்பைக் குறைத்துக்கொள்கின்றனர் என்பது ஆங்கிலத் தரவுகளிலிருந்து கெம்பர் கண்ட முடிவு. தமிழிலோ பெயரெச்சமும் வினையெச்சமும் முன்வருவதே இலக்கணம். ‘நேற்று ஊரிலிருந்து வந்த அண்ணன் வாங்கிக் கொடுத்த பேனாவைத் தொலைத்துவிட்டேன்’ என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். ஆங்கிலத்தில் அரிய திறனின் அடையாளமாவது தமிழில் அன்றாட வழக்கு.

நான்காவது, மீள்வரவு. இதில் தமிழ் மரபு தரும் பாடம் பெரிது. தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் ‘கூறியது கூறல்’ என்பதை நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்தன. தண்டியலங்காரமோ முன்வந்த சொல்லும் பொருளும் பின்னும் வருதலைப் ‘பின்வருநிலை’ என அணியாக வகுத்தது. ஒரே மீள்வரவு ஓரிடத்தில் குற்றமாகவும் ஓரிடத்தில் அணியாகவும் அமைவதை நம் இலக்கணிகள் உணர்ந்திருந்தனர். சொல் மீள்வதை மட்டும் பாராது, எங்கு எதற்காக மீள்கிறது என்பதைக் கொண்டே தீர்ப்பளித்தனர். வாய்மொழிக் கதைகளிலும், ‘வந்தான், வந்தவன் நின்றான், நின்றவன் கேட்டான்’ என முன்தொடரின் வினையைப் பற்றிக்கொண்டு பின்தொடர் எழுவது கதைசொல்லியின் திறம். எண்ணிக்கைக் கருவிக்கு இவ்வேறுபாடு தெரியாது. அதன் கணக்கில் தேர்ந்த கதைசொல்லியும் நோயாளியும் ஒருவராகிவிடக்கூடும்.

7. விளைவுகள்

இச்சிக்கல் இலக்கிய வரலாற்றோடு முடிவதில்லை. பேச்சைக் கணினியால் பகுத்து மறதிநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. அவற்றில் பெரிதும் பயன்படும் பிட்ஸ்பர்க் தரவுத் தொகுதி, ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்லிப் பெற்ற ஆங்கிலப் பேச்சைக் கொண்டது. மேலைநாட்டுச் சமையலறையில் தொட்டி நிரம்பி நீர் வழிய, முக்காலிமேல் ஏறிய சிறுவன் அலமாரியிலிருந்து குக்கீ எடுக்கும் படம் அது. பள்ளி செல்லாத தமிழ் மூதாட்டி ஒருவர் அப்படத்திலுள்ள பொருள்களுக்குப் பெயர் சொல்லாமல் ‘அது’, ‘இது’ எனச் சுட்டினால், அது நினைவின் குறையா, அறிமுகமின்மையா? அளவுகோல் பிறழ்ந்தால் நோயற்றவர் நோயாளியாவார். வாய்மொழித் திறன் மிக்க நோயாளி நலமுடையவராகக் கருதப்பட்டுச் சிகிச்சைக்கு உரிய காலத்தை இழப்பார். இவ்விரு தீங்கையும் தவிர்க்கத் தமிழ் இலக்கணமும் வழக்காறும் அறிந்தோரின் பங்கு இன்றியமையாதது.

மறைந்த எழுத்தாளர் திறத்தும் ஒரு பொறுப்புண்டு. மருத்துவ அறிவிப்பு இல்லாத ஒருவர்க்கு, அவர் நூலின் சொற்கணக்கை மட்டும் கொண்டு நோய்ப்பெயர் சூட்டினால், பின்வரும் வாசகர் அந்நூலை நோய்க்குறிப்பாகவே வாசிப்பர். முதுமையில் எளிமையை நாடி எழுதியவரும் தளர்ச்சியால் சொல் இழந்தவரும் அவ்வாசிப்பில் ஒன்றாகிவிடுவர்.

8. முடிவுரை

எழுத்தாளர் நடையிலிருந்து மறதிநோயை ஆராயும் முயற்சி பயனற்றதன்று. மர்டோக்கின் இறுதி நூலில் காணப்பட்ட சொல்வளக் குறைவு மருத்துவ உண்மையோடு ஒத்துச் சென்றது. ஜேம்ஸை ஒப்பீட்டுக்கு எடுத்த ஆய்வு, முதுமையே சொல்லை இழக்கச் செய்யும் என்னும் பொதுக்கருத்தை ஐயத்துக்குள்ளாக்கியது. எனினும் தமிழில் இம்முறையைக் கையாள்வோர் ஐந்து நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். நூல் எழுதப்பட்ட காலத்தை நிறுவுதல்; கையெழுத்து, வாய்மொழி, பிறர் திருத்தம் ஆகியவற்றை வேறுபடுத்துதல்; ஒரே கூற்றுமுறையும் இலக்கிய வகையும் உடைய நூல்களை ஒப்பிடுதல்; சொல்லடி, சொல்வடிவம் ஆகியவற்றுள் எதை எண்ணுகிறோம் என முதலிலேயே வரையறுத்தல்; நலமுடன் முதிர்ந்த எழுத்தாளர் ஒருவரையேனும் உடன்வைத்து, யார் யார் என அறியாதார் ஒருவரைக் கொண்டு முடிவுகளை மதிப்பிடச் செய்தல் ஆகியன அவை.

இவற்றுள் இறுதி நெறியே முதன்மையானது. முடிவை அறியாதவர் கண்ணுக்கும் அந்தப் பள்ளம் பள்ளமாகத் தெரியுமானால் அதனைச் சான்றாகக் கொள்ளலாம். அறிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியுமானால், அங்கு ஆராயப்படவேண்டியது ஆய்வாளரின் வாசிப்பே.